வெட்கம் வேண்டாம் நண்பா! முன்தோல் இறுக்கம்: அறிவதும் ஆற்றுவதும்

மூன்றாம் ஆண்டு, மெக்கானிக்கல் பிரிவு மாணவர், ஒத்தக்கடை



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு மாணவர் மன்றச் செயலாளர் வகுப்பு வகுப்பாக வந்தபோது, சிலர் கவிதை என்றார்கள், சிலர் ரோபோ பற்றி என்றார்கள். நான் தலைப்பைச் சொன்னதும் பெஞ்சே சிரித்தது. செயலாளரும் சிரித்தார். மறுநாள் கேன்டீனில் தனியாக வந்து, "டேய், அதைக் கட்டாயம் எழுது. எனக்கே ஒரு சந்தேகம் இருக்கு" என்றார். சிரித்தவர்களில் இன்னும் இரண்டு பேரும் அதே வாரத்தில் அதே மாதிரி தனியாக வந்தார்கள். அப்போதுதான் இந்தக் கட்டுரை எழுதியே ஆகவேண்டும் என்று முடிவு செய்தேன்.

நான் டாக்டருக்குப் படிக்கவில்லை. லேத் பிடிக்கிறவன். எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள். அதனால் வீட்டில் யாருக்கு ஆஸ்பத்திரி என்றாலும், "படிச்சவன் நீதான்டா, கூட வா" என்று என்னைத்தான் கூப்பிடுவார்கள். சீட்டு வாங்குவது, போர்டு படிப்பது, மாத்திரை காலையிலா ராத்திரியிலா என்று சொல்வது எல்லாம் என் வேலை. அப்படிப் போன இரண்டு பயணங்களில் டாக்டர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதும், பிறகு நூலகத்தில் தேடிப் படித்ததும்தான் கீழே இருப்பவை. மாணவிகளும் இதைப் படிக்கலாம். உங்களுக்கும் அப்பா, அண்ணன், தம்பி இருக்கிறார்கள்; நாளைக்கு ஆண் குழந்தையும் பிறக்கலாம்.

முதல் பயணம்: அண்ணன்

பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை. வயது இருபத்தேழு. ஒத்தக்கடையில் டூவீலர் பட்டறையில் மெக்கானிக். தை மாதம் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். பத்திரிகை அடிக்கக் கொடுத்த வாரத்திலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை. கல்யாணப் பயம் என்று எல்லோரும் கேலி செய்தார்கள்.

உண்மை என்னவென்றால், அவருக்குச் சின்ன வயதிலிருந்தே முன்தோல் பின்னால் வராது. அது தப்பா சரியா என்று கேட்கவும் ஆள் இல்லை. மதுரையில் ஒரு லாட்ஜில் மாதம் இரண்டு நாள் வந்து உட்காரும் 'வைத்தியர்' ஒருவரின் நோட்டீஸைப் பார்த்துப் போயிருக்கிறார். அந்த ஆள் உடம்பைச் சோதிக்கவே இல்லை. "நரம்புத் தளர்ச்சி, இப்படியே விட்டால் குழந்தை பிறக்காது" என்று பயமுறுத்தி, ஒரு லேகியமும் ஒரு எண்ணெயும் கொடுத்து நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டான். எண்ணெயைத் தடவி, தோலைப் பலமாக இழுத்து விடு என்று வேறு சொல்லியிருக்கிறான்.

ஒரு ராத்திரி அண்ணன் அப்படி இழுத்தார். தோல் பின்னால் போய்விட்டது. திரும்ப முன்னால் வரவில்லை. மொட்டுப் பகுதி வீங்க ஆரம்பித்தது. காலையில் சரியாகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். விடிகாலை நாலு மணிக்கு என்னை எழுப்பி, "டேய் தம்பி, யார்கிட்டயும் சொல்லாத, ஆஸ்பத்திரிக்கு வா" என்றார். மேலூர் ரோட்டில் அந்த நேரத்தில் பைக்கின் பின்னால் அவரை உட்கார வைத்துக்கொண்டு போனதை மறக்க முடியாது. ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் என் தோளைப் பிடித்து நசுக்கினார்.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டருக்கு எங்களைவிட ஏழெட்டு வயதுதான் கூட இருக்கும். சிரிக்கவில்லை, திட்டவில்லை. மரத்துப்போகும் மருந்து போட்டு, கையால் நிதானமாக அழுத்திப் பிடித்து வீக்கத்தைக் குறைத்து, தோலை முன்னால் கொண்டுவந்துவிட்டார். "இன்னும் தாமதமாகியிருந்தால் கத்தி வைக்க வேண்டியிருக்கும். இதை ஏன் இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லவில்லை?" என்று மட்டும் கேட்டார். அண்ணனிடம் பதில் இல்லை.

முன்தோல் என்றால் என்ன? எது இயல்பு?

ஆண்குறியின் நுனியில் இருக்கும் மொட்டைப் போர்த்தியிருக்கும் தோல்தான் முன்தோல். இந்தத் தோலின் வாய் குறுகலாக இருந்து, பின்னால் தள்ள முடியாத நிலையை ஆங்கில மருத்துவத்தில் பைமோசிஸ் என்கிறார்கள். நாம் முன்தோல் இறுக்கம் என்று சொல்லலாம். நம் பாஷையில் சொன்னால், பைப் சரியாக இருக்கிறது, அதன் மேல் மாட்டிய ஹோஸ் கிளிப் மட்டும் டைட்டாக இருக்கிறது.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, குழந்தைக்கு இது நோயே இல்லை என்பது. பிறக்கும்போது முன்தோலின் உட்புறமும் மொட்டும் நகமும் சதையும் போல ஒட்டியே இருக்கும். வயது ஏற ஏறத் தானாகப் பிரியும். 1949-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த குழந்தை மருத்துவர் டக்ளஸ் கெய்ர்ட்னர் இதைப் பற்றி எழுதிய கட்டுரை பெயர் பெற்றது. பிறந்த குழந்தைகளில் நூற்றுக்கு நாலு பேருக்குத்தான் முன்தோல் முழுதாகப் பின்னால் வரும் என்று அவர் கண்டார். அந்தக் காலத்து இங்கிலாந்தில் தேவையில்லாமல் செய்த முன்தோல் ஆபரேஷன்களால் ஆண்டுக்குச் சுமார் 16 குழந்தைகள் இறந்ததையும் எடுத்துக்காட்டினார். அதன் பிறகு அந்நாட்டில் அந்த ஆபரேஷன் வெகுவாகக் குறைந்தது.

1968-ல் டென்மார்க்கில் யாகோப் ஓஸ்டர் என்ற மருத்துவர் பள்ளி மாணவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து எழுதினார். 6, 7 வயதில் நூற்றுக்கு 8 பேருக்கு இறுக்கம் இருந்தது. 16, 17 வயதில் அது நூற்றுக்கு 1 ஆகக் குறைந்துவிட்டது. அதாவது பெரும்பாலோருக்குக் காலமே வைத்தியம். ஆகவே குளிப்பாட்டும்போது குழந்தையின் தோலைப் பலவந்தமாகப் பின்னால் தள்ளக்கூடாது. அப்படித் தள்ளினால் கீறல் விழும், கீறல் ஆறும்போது தழும்பாகும், தழும்பு சுருங்கி உண்மையான இறுக்கம் வந்துவிடும். இல்லாத நோயை நாமே உண்டாக்கியது போல ஆகும். எங்கள் தெருவில் இரண்டு பாட்டிகளிடம் இதைச் சொல்லி ஏச்சு வாங்கியிருக்கிறேன், பரவாயில்லை.

பெரியவர்களுக்கு ஏன் வருகிறது?

1. சிலருக்குச் சின்ன வயது இறுக்கம் பருவம் வந்த பிறகும் அப்படியே தங்கிவிடுகிறது.

2. அடிக்கடி புண், பூஞ்சைத் தொற்று வந்து ஆறுவதால் தோல் தடித்துச் சுருங்குகிறது.

3. சர்க்கரை வியாதி. சிறுநீரில் சர்க்கரை இறங்கினால், அந்த ஈரத்தில் பூஞ்சை நன்றாக வளரும். தோல் சிவந்து, நுனியில் சுற்றிலும் வெடிப்பு விழும். வெடிப்பு ஆறுவதும் மறுபடி வெடிப்பதுமாக இருந்து கடைசியில் வாய் குறுகிவிடும்.

4. லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்ற தோல் நோய். முன்தோலின் நுனி வெள்ளையாக, கெட்டியாக, காகிதம் போல ஆகிவிடும். சில சமயம் சிறுநீர் வரும் துவாரத்தையும் அடைத்துவிடும். இது ஒட்டுவதில்லை, ஒழுக்கக்கேட்டால் வருவதும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. மொட்டின் அடியில் முன்தோலைப் பிடித்திருக்கும் ஒரு சிறு தோல் நாண் சிலருக்கு நீளம் குறைவாக இருக்கும். தோல் பின்னால் வரும், ஆனால் அடியில் சுருக்கென்று இழுத்து வலிக்கும், சில சமயம் கிழிந்து ரத்தம் வரும். இதையும் பைமோசிஸ் என்று குழப்பிக்கொள்கிறார்கள். இரண்டும் வேறு, வைத்தியமும் வேறு. டாக்டர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

எப்படித் தெரிந்துகொள்வது?

குளிக்கும்போது, வெதுவெதுப்பான தண்ணீருக்குப் பிறகு, வலி இல்லாமல் எவ்வளவு வருகிறதோ அவ்வளவுதான் தள்ளிப் பார்க்க வேண்டும். முழுதாகப் பின்னால் போய், லேசாகத் திரும்பி வந்தால் ஒன்றும் இல்லை. சாதாரணமாக வருகிறது, விறைப்பின்போது மட்டும் இறுக்குகிறது என்றால் லேசான இறுக்கம். பாதி மட்டும் தெரிகிறது அல்லது ஊசித் துவாரம் போலத்தான் வாய் திறக்கிறது என்றால் டாக்டரிடம் போகவேண்டிய இறுக்கம்.

கீழ்க்கண்டவை இருந்தாலும் தள்ளிப்போடக் கூடாது:

* சிறுநீர் மெல்லிய நூலாக வருவது, அல்லது முக்கி முக்கிப் போவது
* நுனியில் வெடிப்பு, ரத்தக் கசிவு, எரிச்சல்
* கெட்ட வாடை, சீழ், அடிக்கடி சிவந்து வீங்குவது
* தோல் நுனியில் வெள்ளை வளையம்
* ஆறாத புண், அல்லது தோலுக்கு அடியில் கட்டி

கடைசியில் சொன்னதை அழுத்திச் சொல்கிறேன். ஆண்குறியில் புற்றுநோய் வருவது அபூர்வம். ஆனால் வருபவர்களில் பலருக்கு நீண்டகால முன்தோல் இறுக்கம் இருந்திருக்கிறது. உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கவும் முடியாது, கழுவவும் முடியாது என்பது ஒரு காரணம். பீடி, சிகரெட்டும், ஹெச்.பி.வி. என்ற வைரஸும் மற்ற காரணங்கள். இறுக்கம் இருக்கிற எல்லோருக்கும் புற்றுநோய் வரும் என்று அர்த்தம் இல்லை. ஆனால் ஆறாத புண்ணோ கட்டியோ இருந்தால் ஒரு வாரம்கூட ஒத்திப்போடாதீர்கள்.

திரும்பாமல் மாட்டிக்கொண்டால் அவசரம்!

அண்ணனுக்கு அன்று நடந்ததன் பெயர் பாராபைமோசிஸ். இறுக்கமான தோல் பின்னால் போய், மொட்டுக்குக் கீழே ரப்பர் பேண்ட் போலப் பிடித்துக்கொள்கிறது. மேலே ஏறிய ரத்தம் இறங்க வழியில்லை. வீங்க வீங்க இன்னும் இறுக்கும். மணிக்கணக்கில் விட்டால் மொட்டுக்கு ரத்த ஓட்டமே நின்றுபோகும் ஆபத்து உண்டு.

முதலுதவி இதுதான். பதற்றப்படாமல் படுத்துக்கொண்டு, வீங்கிய பகுதியை உள்ளங்கையாலும் விரல்களாலும் சுற்றிப் பிடித்து, விடாமல் ஐந்து பத்து நிமிடம் ஒரே சீராக அழுத்த வேண்டும். துணியில் சுற்றிய ஐஸை இடையில் கொஞ்ச நேரம் வைக்கலாம், ஐஸை நேராக வைக்கக்கூடாது. வீக்கம் குறைந்ததும் இரண்டு கட்டைவிரலால் மொட்டை உள்ளே தள்ளி, மற்ற விரல்களால் தோலை முன்னால் இழுக்க வேண்டும். வரவில்லையா, நிறுத்திவிட்டு நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஊசியால் குத்துவது, பிளேடு வைப்பது எல்லாம் கனவிலும் வேண்டாம்.

வீட்டில் சிறுநீர் டியூப் போட்ட தாத்தாக்கள் இருந்தால் இதைக் கவனியுங்கள். டியூப் போடும்போதோ துடைக்கும்போதோ பின்னால் தள்ளிய தோலை மறுபடி முன்னால் கொண்டுவராமல் விட்டுவிட்டால் அவர்களுக்கும் இதே கதிதான். அவர்களால் வாய்விட்டுச் சொல்லவும் முடியாது.

வைத்தியம்

(அ) களிம்பு. முன்தோல் இறுக்கம் என்றாலே கத்திதான் என்று பலர் நினைக்கிறார்கள். அது பழைய கதை. ஸ்டீராய்டு களிம்பைத் தடவியே பலருக்குச் சரி செய்யலாம் என்று 1990-களில் மருத்துவர்கள் எழுதத் தொடங்கினார்கள். இன்று உலகம் முழுக்க இதுதான் பெரும்பாலும் முதல் வைத்தியம். பெட்டாமெத்தசோன் போன்ற களிம்பை, இறுக்கமான அந்த வளையத்தின் மேல் மட்டும், மிக மெல்லியதாக, காலை, இரவு இரண்டு வேளை, நாலு முதல் எட்டு வாரம் தடவச் சொல்வார்கள். கூடவே தினமும் வலி வராத அளவுக்குத் தோலை மெதுவாக நீட்டிவிட வேண்டும். களிம்பு தோலை மெலிதாக்கி நெகிழ வைக்கிறது, நீட்டுவது அளவைக் கூட்டுகிறது. ஒரே நாளில் அல்ல, நூல் நூலாக. ரீமரால் துளையை எடுப்பது போலப் பொறுமை வேண்டும். சிறுவர்களிலும் இளைஞர்களிலும் பெரும்பாலோருக்கு இதிலேயே குணம் தெரிகிறது. தழும்பு விழுந்து கெட்டியாகிவிட்டவர்களுக்குப் பலன் குறைவு.

இங்கே ஒரு எச்சரிக்கை! ஸ்டீராய்டு களிம்பு மருந்துக்கடையில் கேட்டால் கொடுத்துவிடுகிறார்கள். முகத்துக்கும் படர்தாமரைக்கும் தானாக வாங்கிப் பூசிக் கெட்டுப்போனவர்கள் நம் ஹாஸ்டலிலேயே உண்டு. பூஞ்சை இருக்கும் இடத்தில் ஸ்டீராய்டை மட்டும் தடவினால் பூஞ்சைக்கு விருந்து வைத்த மாதிரி. எனவே டாக்டர் பார்த்து எழுதிய பிறகுதான், அவர் சொன்ன நாட்களுக்கு மட்டும்.

(ஆ) ஆபரேஷன். களிம்புக்கு மசியாதவர்களுக்கும், வெள்ளைத் தழும்பு உள்ளவர்களுக்கும், அடிக்கடி மாட்டிக்கொள்பவர்களுக்கும் ஆபரேஷன். இறுக்கமான இடத்தை மட்டும் கீறி அகலப்படுத்தித் தைக்கும் முறை ஒன்று. முன்தோலை எடுத்துவிடும் சர்கம்சிஷன் இன்னொன்று. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தே முடித்துவிடுவார்கள். அன்றைக்கே வீடு திரும்பலாம். தையல் தானாகக் கரைந்துவிடும். இரண்டு மூன்று வாரத்தில் புண் ஆறும். நாலு முதல் ஆறு வாரம் வரை தாம்பத்தியம் கூடாது. முதல் வாரங்களில் சைக்கிள், பைக், கனம் தூக்குவது எல்லாம் விலக்கு. கொஞ்சம் வீக்கம், ராத்திரியில் விறைப்பினால் வலி, இவை இயல்பு. நிற்காத ரத்தம், காய்ச்சல், சீழ், சிறுநீர் போகாமை, இவை இருந்தால் உடனே திரும்பிப் போக வேண்டும்.

அண்ணனுக்கு ஆறு வாரம் களிம்பு போட்டுப் பார்த்தார்கள். கொஞ்சம் நெகிழ்ந்தது. ஆனால் பழைய கீறல்களின் தழும்பு விடவில்லை. ஆபரேஷன் என்று டாக்டர் சொன்னதும் பெரியம்மா அழ ஆரம்பித்துவிட்டார். "சுன்னத்து பண்ணிட்டாங்கன்னு சாதிசனம் பேசுமே, பொண்ணு வீட்டுல என்ன சொல்லுவாங்க?" இதற்குப் பதில் சொன்னவர் பட்டறை முதலாளி பாய்தான். "எங்க வீட்டுல சின்னப் பிள்ளையிலயே மார்க்கக் கல்யாணம்னு சோறு போட்டுச் செய்யுறோம். உங்க பிள்ளைக்கு டாக்டர் வைத்தியத்துக்குச் செய்யுறாரு. தோலுக்கு என்னம்மா மதம்?" என்றார். பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆபரேஷன் காலையில் முடிந்து, சாயங்காலம் வீட்டில் ரசம் சாதம் சாப்பிட்டார் அண்ணன். கல்யாணத்தைத் தையிலிருந்து பங்குனிக்குத் தள்ளிவைத்தோம். பெண் வீட்டாரிடம் உண்மையைத்தான் சொன்னோம். "இதுக்குத்தானா இப்படிப் பயந்தீங்க?" என்று அந்த வீட்டுப் பெரியவர் கேட்டுவிட்டு, தேதியை மாற்றி எழுதிக்கொண்டார்.

பயந்தது அண்ணன் மட்டும் இல்லை. பிரான்ஸ் நாட்டு மன்னர் பதினாறாம் லூயிக்கு 1770-ல் திருமணமாகி, 1778 வரை குழந்தை இல்லை. அவருக்கு முன்தோல் இறுக்கம் என்று அரண்மனையிலேயே பேச்சு. டாக்டர்கள் சோதித்து ஆபரேஷன் தேவையில்லை என்றார்களாம். உண்மையில் இருந்ததா இல்லையா என்று சரித்திர ஆசிரியர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். ராஜாவுக்கே அந்தப் பேச்சு என்றால் மெக்கானிக் அண்ணன் எம்மாத்திரம்!

இரண்டாவது பயணம்: அப்பா

அண்ணன் கதையெல்லாம் முடிந்து ஒரு ராத்திரி. அப்பா மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் லோடுமேன். வேலைக்குக் கிளம்புமுன் வாசலில் உட்கார்ந்து பீடி பற்ற வைத்தார், அணைத்தார். "தம்பி, உங்க அண்ணனுக்கு வந்தது... எனக்கும் ஒரு வருஷமா வெடிப்பு வெடிப்பா இருக்குடா. ஒண்ணுக்குப் போனா மொளகாப்பொடி தூவுன மாதிரி எரியுது" என்றார்.

எனக்கு ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை. ஒரு வருஷம்! அந்த எரிச்சலோடு தினமும் மூட்டை தூக்கியிருக்கிறார்.

மறுநாள் அழைத்துப்போனேன். டாக்டர் பார்த்ததும் தோலைப் பற்றிப் பேசவே இல்லை. "ராத்திரியில் எத்தனை தடவை சிறுநீருக்கு எழுந்திருக்கிறீர்கள்? தாகம் இருக்கிறதா? இளைத்திருக்கிறீர்களா?" என்று கேட்டார். அப்பா எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றார். ரத்தம் எடுக்க அனுப்பினார். சர்க்கரை 312!

வெறும் வயிற்றில் 126-க்கு மேல் இருந்தாலே சர்க்கரை வியாதி. தாகம், இளைப்பு போன்ற அறிகுறிகளோடு எந்த நேரத்தில் எடுத்தாலும் 200-ஐத் தாண்டினால் சர்க்கரை வியாதி. இந்தியாவில் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு இது இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வு ஒன்று 2023-ல் சொன்னது. அவர்களில் எத்தனையோ பேருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது. நடுவயது ஆணுக்குப் புதிதாக முன்தோலில் வெடிப்போ இறுக்கமோ வந்தால், முதலில் சர்க்கரையைப் பார் என்பது டாக்டர்களுக்குப் பால பாடமாம். அது நம் எல்லோருக்கும் பால பாடமாக வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். திருவள்ளுவர் 'மருந்து' என்று தனி அதிகாரமே வைத்து, நோயின் வேரைத் தேடச் சொல்லியிருக்கிறார். அப்பாவுக்கு நோய் தெரிந்த இடம் ஒன்று, வேர் இருந்த இடம் வேறு.

அப்பாவுக்குப் பூஞ்சைக்குக் களிம்பும், சர்க்கரைக்கு மாத்திரையும் கொடுத்தார்கள். சர்க்கரை இறங்க இறங்க வெடிப்பு ஆறியது. இரண்டு மாதத்தில் தோல் பழையபடி நெகிழ்ந்துவிட்டது. ஆபரேஷன் தேவைப்படவில்லை. 2021-ல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் எங்கள் தெருவுக்கு வரும் அக்கா மாத்திரையை வீட்டிலேயே கொடுத்துவிடுகிறார்.

இன்னொரு விஷயம். சர்க்கரைக்கு இப்போது டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் கொடுக்கிறார்கள். நல்ல மருந்துதான், இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் உதவுகிறது. ஆனால் இவை சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுகின்றன. அதனால் முன்தோலில் பூஞ்சை வரும் வாய்ப்பு கூடும். உங்கள் அப்பா இதைச் சாப்பிடுகிறார் என்றால், சிறுநீர் போனபின் கழுவித் துடைக்கச் சொல்லுங்கள். அரிப்பு வந்தால் மாத்திரையைத் தானாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

சுத்தம்: ஒர்க்‌ஷாப் மாணவர்களுக்குச் சிறப்பாக

தோல் வலியில்லாமல் பின்னால் வருகிறவர்கள் தினமும் குளிக்கும்போது மெதுவாகத் தள்ளி, வெறும் தண்ணீரால் கழுவி, ஈரம் துடைத்து, மறக்காமல் முன்னால் கொண்டுவந்து விட வேண்டும். உள்ளே சேரும் வெள்ளை மாவு போன்றது நோய் அல்ல, தோல் உதிர்வும் எண்ணெய்ப் பசையும்தான். கழுவினால் போய்விடும். டெட்டால், வாசனை சோப்பு, பவுடர் எதுவும் வேண்டாம். அவையே எரிச்சல் உண்டாக்கும்.

நாம் எல்லோரும் சிறுநீர் போன பிறகு கை கழுவுகிறோம். ஒர்க்‌ஷாப்பில் இருப்பவன் போவதற்கு முன்பும் கழுவ வேண்டும்! கட்டிங் ஆயிலும் கிரீஸும் இரும்புத்தூளும் ஒட்டிய கையோடு போனால், மென்மையான அந்தத் தோல் என்ன ஆகும்? 1775-லேயே லண்டன் டாக்டர் பெர்சிவல் பாட், புகைபோக்கி சுத்தம் செய்யும் தொழிலாளிகளுக்கு விதைப்பையில் புற்றுநோய் வருவதற்குக் கரிப்புகையே காரணம் என்று சொன்னார். தொழிலில் ஒட்டும் அழுக்கு புற்றுநோய் தரும் என்று உலகம் தெரிந்துகொண்டது அப்போதுதான். எண்ணெய் ஊறிய ஜட்டியோடும் பேண்ட்டோடும் அடுத்த நாளும் வராதீர்கள்.

எங்கே போவது, எப்படிச் சொல்வது?

மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் சிறுநீரகவியல் பிரிவு, அறுவை சிகிச்சைப் பிரிவு, தோல் பிரிவு எல்லாம் இருக்கின்றன. நம் பெரியவர்கள் இன்றும் பெரியாஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். அவ்வளவு தூரம் போகக் கூச்சமாக இருந்தால், முதலில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடமே காட்டலாம். பெண் டாக்டராக இருந்தாலும் தயங்க வேண்டியதில்லை. அவருக்கு அது ஒரு கை விரல் மாதிரிதான். வாய் வரவில்லையா, ஒரு துண்டுச் சீட்டில் "முன்தோல் பின்னால் வரவில்லை, இத்தனை மாதமாக" என்று எழுதிக் கொடுங்கள். அப்பாவுக்கு நான் அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன். டாக்டர் படித்துவிட்டுத் தலையசைத்தார், அவ்வளவுதான்.

லாட்ஜ் வைத்தியரிடம் மட்டும் போகாதீர்கள். ஆண்மை தருகிறேன், சர்க்கரையை அடியோடு போக்குகிறேன் என்று விளம்பரம் செய்வதையே 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய வைத்திய விளம்பரத் தடைச் சட்டம் குற்றம் என்கிறது. சட்டம் இருக்கிறது, நோட்டீஸும் இருக்கிறது. உடம்பைப் பார்க்காமலே நோயைச் சொல்கிறவன் பார்ப்பது நம் பாக்கெட்டை!

முடிவாக

நண்பர்களே! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மாதிரி, எங்கள் வீட்டில் இரண்டு ஆண்கள் ஒரே கூரைக்கு அடியில் ஒரே மாதிரி வலியை ஒருவருக்கொருவர் தெரியாமல் மறைத்து வைத்திருந்தார்கள். ஒருவர் நாலாயிரத்து ஐந்நூறு ரூபாயையும், கிட்டத்தட்ட ஒரு உறுப்பையும் இழக்க இருந்தார். இன்னொருவர் 312 சர்க்கரையோடு மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். அண்ணன் பேசியதால்தான் அப்பா பேசினார். அப்பா பேசியதால்தான் சர்க்கரை தெரிந்தது.

இதை எழுதலாமா என்று இருவரிடமும் கேட்டேன். அண்ணன், "பேரு போடாம எழுது" என்றார். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. "என்னத்த எழுதப்போற?" என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நாலு பேருக்கு ஆகும்னா எழுதுடா" என்றார்.

அந்த நாலு பேரில் ஒருவர் நீங்களாக இருந்தால், இந்த மலரை மூடி வைத்துவிட்டு நாளைக்கே டாக்டரிடம் போங்கள். நீங்கள் இல்லை என்றால், இன்று ராத்திரி உங்கள் அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.